கிரீன்ஹவுஸ்: ஓர் ஆங்கிலக் கூட்டுச்சொல்லைப் பிரித்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூந்தொட்டிகள் அடுக்கியிருக்கும் கண்ணாடி மாளிகைக்கு ஆங்கிலத்தில் கிரீன்ஹவுஸ் என்று பெயர். கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் வளர்க்கும் பாலித்தீன் கூடாரமும் கிரீன்ஹவுஸ்தான். பள்ளி அறிவியல் பாடத்தில் கரியமில வாயு ஒரு கிரீன்ஹவுஸ் வாயு. 2011-ல் தமிழக அரசு அறிவித்த, சூரிய ஒளி விளக்கோடு 300 சதுர அடியில் கட்டித்தந்த பசுமை வீடு, ஆங்கிலக் கோப்புகளில் கிரீன் ஹவுஸ். இதோடு க்ரீன் டீ வேறு, பசுந்தேயிலை வேறு.

இவை எல்லாவற்றிலும் இருப்பது ஒரே 'கிரீன்' என்று நினைத்தால் மொழிபெயர்ப்பு கெடும், பாடம் குழம்பும், சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் விளக்கமும் தவறும். ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் இரண்டு சொற்களும் வெளியே தெரியும். அவற்றை இணைக்கும் உறவு மட்டும் உள்ளே மறைந்திருக்கும். அந்த உறவைக் கண்டுபிடிக்கும் கருவி தமிழ் படித்தவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: பள்ளியில் படித்த வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என்ற ஆறு தொகைகள். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், சுற்றுலா வழிகாட்டி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் ஆகியோருக்காகக் 'கிரீன்ஹவுஸ்' என்ற ஒரே சொல்லை அடி முதல் நுனி வரை இங்கே பிரித்துக் காட்டுகிறோம்.

தேவைப்படுபவை: சொற்பிறப்பும் முதல் பயன்பாட்டு ஆண்டும் தரும் ஆங்கில அகராதி ஒன்று, வேற்றுமை உருபுகள் பற்றிய நினைவு, ஒரு தாள். மெரியம்-வெப்ஸ்டர் இணையத்தில் இலவசம், அதில் முதல் பயன்பாடு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பெரிய பதிப்பு கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 1: கூட்டுச்சொல்லா, வெறும் சொற்றொடரா?

முதலில் உச்சரிப்பைக் கவனியுங்கள். செடி வளர்க்கும் கட்டடம் என்றால் அழுத்தம் முதல் சொல்லில் விழும்: கிரீன் என்பது ஓங்கி ஒலிக்கும், ஹவுஸ் தணிந்து வரும். பச்சைப் பெயின்ட் அடித்த வீடு என்றால் ஹவுஸும் ஓங்கி ஒலிக்கும். தமிழில் சொல்லின் பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை. அதனால் இந்த வேறுபாடு நம் காதில் தானாக விழாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: தட்டு எங்கே பலமாக விழுகிறதோ அங்கேதான் விடை.

அடுத்தது, முன்னால் 'வெரி' சேர்த்துப் பார்ப்பது. 'வெரி கிரீன் ஹவுஸ்' என்றால் கண்ணைப் பறிக்கும் பச்சை நிற வீடு. செடி வளர்க்கும் கட்டடத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கூட்டுச்சொல்லின் உள்ளே புகுந்து முதல் பகுதியை மட்டும் அடை கொடுத்து வளர்க்க ஆங்கிலம் விடாது.

மூன்றாவது சோதனைதான் சந்தேகமே இல்லாதது. எதிர்மாறான நிறத்தை முன்னால் போடுங்கள். 'வெள்ளை கிரீன்ஹவுஸ்' என்றால் யாருக்கும் முரண்பாடு தோன்றாது. மலையில் உள்ள பாலித்தீன் கூடாரங்கள் பெரும்பாலும் பால் வெள்ளைதான். 'வெள்ளைப் பச்சை வீடு' என்றால் முரண்படும். எனவே கிரீன்ஹவுஸில் உள்ள கிரீன், கட்டடத்தின் நிறத்தைச் சொல்லவில்லை. இது மிக முக்கியமான தடயம், தாளில் எழுதி வையுங்கள்.

இங்கே பெரும்பாலோர் தவறுவது எழுத்துக்கூட்டலை நம்புவதால். சேர்த்து எழுதினால் கூட்டுச்சொல், பிரித்து எழுதினால் சொற்றொடர் என்று விதி கிடையாது. 'ஹில் ஸ்டேஷன்' பிரித்தே எழுதப்படுகிறது, ஆனாலும் அது முழுக் கூட்டுச்சொல். 'டீ பேக்' என்பதைப் பிரித்தும் எழுதுவார்கள், சேர்த்தும் எழுதுவார்கள். அழுத்தச் சோதனைக்கும் விதிவிலக்கு உண்டு. தெருப் பெயர்களில் 'ஸ்ட்ரீட்' வந்தால் அழுத்தம் முன் சொல்லில் விழும். 'ரோடு' வந்தால் அது ரோட்டிலேயே விழும். ஊட்டி கமர்ஷியல் ரோட்டை ஆங்கிலேயர் உச்சரித்தால் ரோடு ஓங்கி ஒலிப்பது இதனால்தான். அழுத்தம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்று சோதனைகளையும் செய்யுங்கள்.

படி 2: தலைச்சொல் எது?

'முன்மொழி பின்மொழி பன்மொழி புறமொழி' என்று தொகைப்பொருள் சிறக்கும் நான்கு இடங்களைச் சொல்கிறது நன்னூல். ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் பெரும்பாலானவை பின்மொழியில் சிறப்பவை. கிரீன்ஹவுஸ் ஒருவகை ஹவுஸ், போட்ஹவுஸ் ஒருவகை ஹவுஸ், டீ எஸ்டேட் ஒருவகை எஸ்டேட். 'இது ஒருவகை என்ன?' என்று கேட்டால் கடைசிச் சொல் விடையாக வரும். பன்மை விகுதியும் அந்தச் சொல்லோடுதான் சேரும்.

விடை வராவிட்டால் அது புறமொழி. 'பிக்பாக்கெட்' ஒருவகைப் பாக்கெட் அல்ல, ஒருவகை ஆள். 'பேப்பர்பேக்' ஒருவகை முதுகு அல்ல, ஒருவகைப் புத்தகம். நம் அன்மொழித்தொகை இதுவேதான். 'பிட்டர்ஸ்வீட்' போலக் கசப்பும் இனிப்புமாக இரண்டும் சமமாக நின்றால் உம்மைத்தொகையின் சாயல்.

கிரீன்ஹவுஸில் தலைச்சொல் ஹவுஸ் என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் ஹவுஸ் என்றாலே மனிதர் குடியிருக்கும் வீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டுச்சொல்லுக்குள் வரும்போது அதற்குக் 'கட்டடம்', 'கொட்டகை', 'காப்பிடம்' என்ற அளவுக்கே பொருள். 'வேர்ஹவுஸ்' கிடங்கு, 'பவர்ஹவுஸ்' மின் நிலையம்.

படி 3: மறைந்திருக்கும் உறவைக் கண்டுபிடிப்பது

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரே ஹவுஸை வைத்து எத்தனை உறவுகள் வருகின்றன என்று பாருங்கள்.

போட்ஹவுஸ் என்பது படகுக்கான இடம். ஊட்டி ஏரிக்கரையில் 'படகு இல்லம்' என்று எழுதியிருப்பது அதுதான். குவ்வுருபும் அதன் பயனும் மறைந்திருக்கின்றன, எனவே நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நம் கோழிக்கூடும் இதே வகை.

கிளாஸ்ஹவுஸ் கண்ணாடியால் ஆனது, மூன்றாம் வேற்றுமை. ஃபார்ம்ஹவுஸ் பண்ணையில் இருப்பது, ஏழாம் வேற்றுமை. லைட்ஹவுஸ் ஒளியைத் தருவது, பவர்ஹவுஸ் மின்சாரத்தை உற்பத்தி செய்வது, இரண்டும் இரண்டாம் வேற்றுமை. ரொட்டி சுடும் இடமான 'பேக்ஹவுஸ்' வினையை முன்னால் வைத்திருக்கிறது, காலம் காட்டவில்லை. சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகைக்குப் பக்கத்தில் வைக்கலாம். வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகையின் ஆங்கிலப் பெயர் மட்டும் உண்மையான பண்புத்தொகை: கட்டடம் வெள்ளை, பெயரும் வெள்ளை.

இனிக் கிரீன்ஹவுஸ். பார்த்தவுடன் வெள்ளை மாளிகை போலப் பண்புத்தொகை என்று தோன்றும். 'பச்சையான வீடு' என்று விரித்தால் முதல் படியில் எழுதிவைத்த தடயம் தடுக்கிறது. அப்படியானால் கிரீன் இங்கே பண்புப்பெயர் அல்லாமல் ஒரு பொருளின் பெயராக நின்றாக வேண்டும். ஆங்கிலத்தில் கீரை, செடிகொடிகளை 'கிரீன்ஸ்' என்பது இன்றும் வழக்கு. 17-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குத் தோட்டக்காரர்களிடம் இன்னும் குறுகிய பொருள் இருந்தது. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத, ஆனால் உறைபனி பட்டால் கருகிவிடும் ஆரஞ்சு, மிர்ட்டில் போன்ற செடிகளை அவர்கள் கிரீன்ஸ் என்றார்கள். அந்தச் செடிகளுக்கான வீடு கிரீன்ஹவுஸ். படகுக்குப் போட்ஹவுஸ் எப்படியோ, பசுஞ்செடிகளுக்குக் கிரீன்ஹவுஸ் அப்படி. கோழிக்கூட்டோடு ஒரே வரிசை.

விரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறவை நாமாக ஊகித்து அங்கேயே நின்றுவிடக் கூடாது. கிளாஸ்ஹவுஸ் முதலில் கண்ணாடி தயாரிக்கும் பட்டறையைக் குறித்தது, கண்ணாடியால் கட்டிய செடிவீடு என்ற பொருள் மிகவும் பின்னால் வந்தது. சொற்கள் அதேதான், உறவு மட்டும் இரண்டாம் வேற்றுமையிலிருந்து மூன்றாம் வேற்றுமைக்கு மாறியிருக்கிறது. 'ஹாட்ஹவுஸ்' முதலில் வெந்நீர்க் குளியல் இடம், பிறகுதான் வெப்பநாட்டுச் செடிகளுக்கான சூடான அறை. ஊகத்தை அகராதியில் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: இரண்டு பகுதிகளின் வேர்

கிரீன் பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். வளர்வதைக் குறிக்கும் 'குரோ', புல்லைக் குறிக்கும் 'கிராஸ்' ஆகியவற்றோடு ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. வளர்ச்சி, செடி, நிறம் மூன்றும் தொடக்கத்திலேயே கலந்த சொல் என்பதால் அது நிறத்திலிருந்து செடிக்கும் செடியிலிருந்து புதுமைக்கும் எளிதாகத் தாவும்.

தமிழில் பச்சையும் இப்படித்தான். பச்சைத் தண்ணீர் பச்சை நிறமில்லை, காய்ச்சாத தண்ணீர். பச்சைக் குழந்தை நேற்றுப் பிறந்தது. இந்தப் பொருள் தெரிந்தால் தேயிலை வியாபாரத்தில் நடக்கும் குழப்பம் தீரும். செய்தித்தாளில் 'பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை' என்று வருவது, பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும் பதப்படுத்தாத இலை. ஆங்கிலத்தில் 'கிரீன் லீஃப்'. க்ரீன் டீ என்பது பறித்த இலையை உடனே சூடுகாட்டி, ஆக்சிஜனேற்றம் நடக்காமல் தடுத்துத் தயாரித்த தூள். முன்னதில் கிரீன் என்றால் பச்சை இலை, அதாவது கச்சாப்பொருள். பின்னதில் முழுமையாகப் பதப்படுத்தி முடித்த சரக்கு. இரண்டையும் 'பச்சைத் தேயிலை' என்று மொழிபெயர்த்த துண்டறிக்கையைப் படிக்கும் விவசாயிக்கு எதன் விலை பேசுகிறார்கள் என்றே புரியாது.

ஹவுஸும் பழைய ஆங்கிலச் சொல், அன்று அதன் உச்சரிப்பு 'ஹூஸ்'. அந்தப் பழைய ஒலி 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த கூட்டுச்சொல், வீட்டை உடையவர் என்று பொருள். வீட்டையும் நிலத்தையும் பராமரிப்பது 'ஹஸ்பண்ட்ரி' ஆனது. கால்நடை பராமரிப்புத் துறையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதுதான்.

பகுதிகள் தேய்ந்துபோன கூட்டுச்சொற்களில் இந்தப் படி கடினம். 'கப்போர்டு' என்பது கப் வைக்கும் பலகை. உச்சரிக்கும்போது நடுவில் உள்ள பகர ஒலி மறைந்துவிடுவதால் ஆங்கிலேயருக்கே அது கூட்டுச்சொல் என்று தோன்றுவதில்லை. விரதத்தை முறிக்கும் 'பிரேக்ஃபாஸ்ட்' இன்னொன்று, அங்கே உயிரெழுத்தே குறுகிவிட்டது. கிரீன்ஹவுஸ் அந்த அளவுக்குத் தேயவில்லை. இரண்டு பகுதிகளும் முழுசாகக் காதில் விழுவதாலேயே பொருளும் நேரடியானது என்று ஏமாறுகிறோம்.

படி 5: அகராதிப் பதிவைப் படிக்கும் முறை

மாணவர் அகராதிகள் பொருள்களை இன்றைய பயன்பாட்டின் வரிசையில் அடுக்கும். மெரியம்-வெப்ஸ்டரும் ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியும் வரலாற்று வரிசையில் அடுக்கும். சொற்பிறப்பு தேடுபவர் மாணவர் அகராதியின் முதல் பொருளை ஆதிப்பொருள் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

கிரீன்ஹவுஸுக்கு முதல் பயன்பாடு 1664. ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர் தோட்ட வேலைகளை மாதவாரியாக எழுதிய காலம் அது. தாளில் ஆண்டை எழுதும்போது 'அச்சில் கிடைத்த முதல் ஆண்டு' என்று சேர்த்து எழுதுங்கள். சொல் பிறந்த நாள் அது அல்ல. தோட்டக்காரர் வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம், பழைய அச்சுப்பிரதி ஒன்று கிடைத்தால் ஆண்டு பின்னோக்கி நகரும்.

படி 6: அந்தப் பொருள் அன்று எப்படி இருந்தது?

சொல்லின் வரலாற்றைப் பாதியில் விடுபவர்கள் இங்கேதான் விடுகிறார்கள். 1660-களின் கிரீன்ஹவுஸை நேரில் பார்த்தால் நமக்கு அடையாளமே தெரியாது. செங்கல் சுவர், சாதாரணக் கூரை, தெற்குப் பக்கம் மட்டும் உயரமான சன்னல்கள். தொட்டியில் வைத்த ஆரஞ்சுச் செடிகளைக் குளிர் தொடங்கும்போது உள்ளே தூக்கிவைத்து, வசந்தத்தில் வெளியே எடுப்பார்கள். உள்ளே கரி அடுப்பு எரியும். அடுப்புப் புகையில் செடிகள் வாடுகின்றன என்பதால், அடுப்பை வெளியே வைத்துச் சூடான புதுக்காற்றை மட்டும் உள்ளே அனுப்பும் அமைப்பை 1691-ல் ஈவ்லின் வெளியிட்டார்.

கண்ணாடிக்கூரை பரவலாக வராததற்கு விலை ஒரு காரணம், வரி இன்னொரு காரணம். பிரிட்டனில் 1740-களில் கண்ணாடிக்கு விதித்த தீர்வை நூறு ஆண்டுகள் நீடித்து 1845-ல்தான் நீங்கியது. லண்டன் கியூ தோட்டத்தின் பனைமர மாளிகை 1844-ல் தொடங்கி 1848-ல் முடிந்தது. இரும்புச் சட்டமும் கண்ணாடியும் மட்டுமே கொண்ட அத்தகைய கட்டடங்கள் பெருகிய பிறகு, கிரீன்ஹவுஸ் என்றதும் கண்ணாடி என்று மக்கள் மனத்தில் பதிந்தது. சொல் மாறவில்லை, அதற்குள் இருந்த கட்டடம் மாறிவிட்டது.

அதே 1848-ல்தான் கியூவில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் ஊட்டிக்கு வந்து தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். 1860-களில் நீலகிரிக்கு, மலேரியா மருந்து தரும் சின்கோனா மரம் வந்ததும் ஒரு சின்னஞ்சிறு கிரீன்ஹவுஸின் உதவியால்தான். நத்தேனியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டியில், உள்ளே ஆவியாகும் நீரே மீண்டும் மண்ணில் இறங்கும். உப்புக்காற்று படாமல், நல்ல தண்ணீர் செலவில்லாமல், செடிகள் கடல் கடந்து பல மாதம் பயணம் செய்ய அந்தப் பெட்டிகள் வழிசெய்தன.

மலையில் இன்று கிரீன்ஹவுஸின் வேலை இங்கிலாந்தில் இருந்ததைப் போன்றதல்ல. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியிலிருந்து காப்பது ஒரு பகுதி மட்டுமே. கொய்மலர் வளர்ப்பவருக்குத் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும்தான் பெரிய தொல்லை. இலையிலும் மொட்டிலும் ஈரம் தங்கினால் பூஞ்சாண நோய் வரும், பூவில் புள்ளி விழும், சந்தையில் விலை போகாது. எனவே புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீனை மேலே போர்த்தி, பக்கங்களில் சுருட்டி ஏற்றக்கூடிய திரை வைக்கிறார்கள். கிரீன்ஹவுஸை 'வெப்ப வீடு' என்று மட்டும் மொழிபெயர்த்தால், மழைமறைப்பாகப் பயன்படும் நம் ஊர்க் கூடாரத்துக்கு அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும்.

படி 7: உவமையாக விரிந்த பொருள்

பூமியின் வளிமண்டலம் வெப்பத்தைத் தடுத்துவைக்கிறது என்ற கருத்தை 1824-ல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே எழுதினார். கரியமில வாயு சூரிய ஒளியில் அதிகமாகச் சூடாகிறது என்று 1856-ல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் சோதனையில் காட்டினார். 1859-ல் ஜான் டின்டால் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக்கதிரை உறிஞ்சுவதை அளந்தார். 1896-ல் ஸ்வீடனின் அரீனியஸ் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டார். 'கிரீன்ஹவுஸ் எஃபெக்ட்' என்ற பெயர் இதற்கெல்லாம் பிறகு வந்தது. 1901-ல் ஸ்வீடனின் வானிலை அறிஞர் எக்ஹோல்ம் கிரீன்ஹவுஸை ஒப்புமையாகக் காட்டினார், 1907-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் பாய்ன்டிங் அதையே பெயராக ஆண்டார். அறிவியல் முன்னால், சொல் பின்னால். ஃபூரியே இந்தப் பெயரைச் சூட்டினார் என்று எழுதும் கட்டுரைகளைத் திருத்திப் படியுங்கள்.

இலக்கணப்படி இது உவமைத்தொகையின் வேலை: கிரீன்ஹவுஸ் போன்ற விளைவு. உவமைத்தொகையில் உவமை எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று கேட்டே ஆகவேண்டும். இங்கே அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்கு வெப்பக்கதிரைத் தடுக்காத பாறை உப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடேறின. செடிவீடு சூடாவதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலே எழுந்து வெளியேற வழியில்லாததுதான். வளிமண்டலத்துக்கு மூடி கிடையாது. அங்கே வாயுக்கள் பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன.

இதை மலை விவசாயி தினமும் செய்து பார்க்கிறார். காலையில் கூடாரத்துக்குள் நுழைந்தால் பாலித்தீனின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள் தொங்கும், தலையில் சொட்டும். வெயில் ஏறியதும் உள்ளே புழுக்கம் தாங்காது. கைப்பிடியைச் சுற்றிப் பக்கத்திரையை ஏற்றிவிட்டால் சிறிது நேரத்தில் வெக்கை இறங்கிவிடும். மேலே இருக்கும் பாலித்தீன் அதேதான், கதிருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. காற்றுக்கு வழி கிடைத்தது, அவ்வளவுதான். வகுப்பில் பசுமைக்குடில் விளைவு நடத்தும் ஆசிரியர் இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், 'வானத்தில் ஒரு சன்னல் திறந்தால் போதாதா?' என்று குழந்தை கேட்பதற்குப் பதில் இருக்காது.

பசுமை வீடு திட்டத்தில் உள்ள கிரீன், இவை எதிலும் சேராது. அது சுற்றுச்சூழலுக்கு இசைந்த என்ற பொருளில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய கிரீன். அழுத்தம் ஹவுஸில் விழும் சொற்றொடர்.

படி 8: மூன்று சொல் சேர்ந்தால்

எது எதோடு முதலில் சேர்ந்தது என்று கோடு போடுங்கள். 'கிரீன்ஹவுஸ் கேஸ் எமிஷன்' என்பதில் முதலில் கிரீன்ஹவுஸும் கேஸும் சேர்ந்து ஒரு பெயர், அதன் வெளியேற்றம் எமிஷன். 'ஸ்மால் டீ குரோவர்' என்பதில் டீயும் குரோவரும் முதலில் சேர்கின்றன, ஸ்மால் அந்த விவசாயியின் நிலப்பரப்பைச் சொல்கிறது. 'சிறு தேயிலை விவசாயி' என்று வரிசை மாறாமல் எழுதும்போது சிறு தேயிலை என்று ஒரு ரகம் இருப்பதுபோல் தொனிக்கிறது. 'தேயிலைச் சிறுவிவசாயி' என்றால் ஐயம் வராது.

படி 9: தமிழில் எந்தச் சொல்?

பாடநூல்களில் 'பசுமை இல்ல வாயு' என்று இருக்கிறது. இல்லம் என்ற சொல் மகரம் கெட்டு 'இல்ல' என்று நிற்பதால், பேச்சுத் தமிழ்க் காதுக்குப் 'பசுமை இல்லாத வாயு' என்று கேட்கிறது. பொருளும் தப்பாகப் பொருந்திவிடுவதால் குழந்தைகள் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். இதைத் தவிர்ப்பது நல்லது.

பைங்குடில், பசுமைக்குடில் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பண்புப்பெயர் புணரும்போது ஈறு போதல், அடியகரம் ஐயாதல் என்று நன்னூல் சொல்லும் மாற்றங்கள் வரும். பசுமை + கிளி பைங்கிளி, பசுமை + தேயிலை பசுந்தேயிலை. இவற்றில் கிளி பச்சை, தேயிலை பச்சை. அந்த வழியில் பைங்குடில் என்றால் பச்சையான குடில் என்று பொருள் போகும். பசுமைக்குடிலில் மையீறு கெடாமல் நிற்கிறது, வல்லினம் மிகுகிறது. 'பசுமைக்கான குடில்' என்று நான்காம் வேற்றுமையாக விரிக்க அது இடம்கொடுக்கிறது. தோட்டக்கலைத் துறையினர் எதை நினைத்து ஆண்டார்களோ, 17-ஆம் நூற்றாண்டின் பொருளுக்கு மிக அருகில் நிற்பது இந்தச் சொல்தான். கட்டடத்துக்குப் பசுமைக்குடில், வாயுவுக்குப் பசுமைக்குடில் வாயு என்று ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் ஆளுங்கள். ஊட்டியில் மக்கள் சொல்லும் கண்ணாடி மாளிகையை மாற்ற வேண்டாம். அது கிளாஸ்ஹவுஸின் நேர்ப்பெயராக நன்றாகவே இருக்கிறது.

பயிற்சிக்கு மலைச் சொற்கள் சில

கல்லட்டி மலைப்பாதையின் 36 'ஹேர்பின் பெண்ட்' மூன்று சொல் கூட்டு. ஹேர், பின் முதலில் சேரும், அது நான்காம் வேற்றுமை: கூந்தலுக்கான ஊசி. அந்த ஊசி போன்ற வளைவு என்பதால் மொத்தம் உவமைத்தொகை. கொண்டை ஊசி வளைவு என்ற தமிழ்ச் சொல் இரண்டு உறவுகளையும் வரிசை மாறாமல் காப்பாற்றியிருக்கிறது.

'புளூகம்' மரத்தில் கம் என்பது பட்டையில் வடியும் பிசின். நீலம் பிசினின் நிறமல்ல, இளம் இலைகள் மேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சின் சாம்பல் நீலம். நீலகிரி என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. மலையின் பெயர் பழையது, மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. இரண்டிலும் நீலம் இருப்பதால் முடிச்சுப் போடுவது போலிச் சொற்பிறப்பு.

போலிப் பிரிப்பு சில சமயம் புதுச் சொல்லையே உண்டாக்கிவிடும். நம் கட்டுமரம் 17-ஆம் நூற்றாண்டில் 'கேட்டமரான்' என்று ஆங்கிலத்துக்குப் போனது. கட்டு, மரம் என்ற பிரிவு அவர்களுக்குத் தெரியாது. மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது கடைசி 'மரான்' மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு 'ட்ரைமரான்' ஆனது. நம் வினைத்தொகை ஒன்றின் மரத்துண்டு அங்கே படகு என்ற பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் 'பட்டர் ஃப்ரூட்' இந்தியாவில் புழங்கும் ஆங்கிலக் கூட்டு. வெண்ணெய் போன்ற சதை என்பதால் உவமைத்தொகை. வெளிநாட்டு மாணவர் அகராதியில் இது கிடைக்காவிட்டால் தவறான ஆங்கிலம் என்று அடித்துவிடாதீர்கள், 'அவகாடோ' என்ற பதிவைத் தேடுங்கள். அது மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்த சொல். மரத்தக்காளிக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீ டொமேட்டோ' என்றுதான் பெயர், ஏழாம் வேற்றுமை: மரத்தில் காய்க்கும் தக்காளி. நியூசிலாந்து வியாபாரிகள் 1967-ல் அதற்கு 'டாமரில்லோ' என்று விற்பனைப் பெயர் வைத்தார்கள். ஏற்றுமை ஆவணம் எழுதும்போது புதுப்பெயரையும், கொடைக்கானல் சந்தையில் விலைப்பலகை எழுதும்போது மரத்தக்காளியையும் போடுங்கள்.